உத்தரவு கையில், பிள்ளை பெங்களூரில்

ஏரியூரில் சட்டத் தன்னார்வலராக இருக்கும் என்னிடம் வரும் பிரச்சினைகளில் மனசை அதிகம் பிசைவது இதுதான். "அக்கா, புள்ள எங்கிட்டதான் இருக்கணும்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அவரு பெங்களூர்ல வெச்சுக்கிட்டு அனுப்ப மாட்டேங்கிறாரு. ஸ்டேஷன்ல கேட்டா சிவில் மேட்டருங்கிறாங்க."

எங்கள் பக்கத்தில் கட்டட வேலைக்குப் பெங்களூரு, பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் என்று குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. நாகமரையில் படகேறி எதிர்க்கரைப் பண்ணவாடியில் இறங்கினாலே சேலம் மாவட்டம். தம்பதி பிரிந்தால் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே மாவட்டமோ மாநிலமோ வந்துவிடுகிறது.

அப்படி வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது: உத்தரவு போட்ட கோர்ட்டின் எல்லையோடு அதன் பலம் முடிந்துவிடாது. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, உத்தரவை அதே நீதிமன்றமும் நிறைவேற்றலாம். வேறு ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்கோ சிவில் நீதிமன்றத்துக்கோ அனுப்பியும் நிறைவேற்றலாம். அதற்குப் போடுவதுதான் நிறைவேற்றுதல் மனு, வக்கீல்கள் 'இ.பி.' என்பார்கள். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில், பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லியும் மீறுபவரை, ஒப்படைக்க உறுதி தரும்வரை சிவில் சிறையில் வைக்க இடமுண்டு. அந்த மீறலுக்கு அச்சட்டத்திலுள்ள அபராதம் மொத்தமே 500 ரூபாய்தான் என்பதால் அதற்கு யாரும் பயப்படப்போவதில்லை.

வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. 6 மாதம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் மீறல் நடந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். "பெரியவங்க பேசி முடிப்பாங்க" என்று காத்திருந்தே அந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பிள்ளையைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போகலாம். கஸ்டடி விவகாரத்திலும் அந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதிப்படுத்தியது.

கடல் தாண்டினால் சிக்கல் கூடுகிறது. பிரிட்டனில் வாழ்ந்த தமிழ்த் தம்பதியின் இரு மகள்களையும் 2012-இல் தாய் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்தார். திருப்பி அனுப்பச் சொன்னது பிரிட்டன் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் மனுவை ஏற்கவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, வேறொரு வழக்கில், வெளிநாட்டு உத்தரவைவிடப் பிள்ளையின் நலனே பெரிது என்றது. பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே போராட வேண்டியிருக்கிறது.

அப்பாக்களும் என்னிடம் வருவதுண்டு. கொண்டுவரும் உத்தரவில் "மாதம் இருமுறை பார்க்கலாம்" என்று மட்டும் இருக்கும். எந்தக் கிழமை? எந்த ஊரில்? பஸ் செலவு யாருடையது? எதுவும் இராது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் "பையன் ஊர்ல இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடலாம். உத்தரவை மீறியதாக நிரூபிக்கவும் முடியாது. பார்க்கும் முறையைத் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச உரிமை வேண்டும் என்றும், தொலைவில் இருந்தால் வீடியோ காலிலாவது பேசட்டும் என்றும் அது கூறியது.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பிள்ளையைக் காட்டாத ஒவ்வொரு தேதியையும் எழுதி வையுங்கள், பஸ் டிக்கெட்டையும் போன் மெசேஜையும் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை யாரிடம் என்பதோடு எந்த நாள், எந்த இடம், யார் செலவு, எந்த நேரத்தில் போன் என்பதையும் உத்தரவில் கேட்டு வாங்காமல் கோர்ட் படி இறங்காதீர்கள்.