இரவு சைக்கிளுக்கு ஏற்ற விளக்கு எது?

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் இரவு வெகுநேரம் வரை வியாபாரம் நடக்கும். கடையடைத்த பிறகு மேலகரம், இலஞ்சி, தென்காசி என்று சைக்கிளில் வீடு திரும்பும் ஊழியர்கள் நம் கடைகளில் உண்டு. எதிரே சுற்றுலா வேன்கள் வரும். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையை அடைந்தால் கேரளா லாரிகள். நம் ஊழியரின் சைக்கிளில் என்ன விளக்கு இருக்கிறது என்று நாம் பார்த்திருக்கிறோமா?

விளக்கு வாங்கும்போது, எவ்வளவு பிரகாசம் என்று மட்டுமே கேட்கிறோம். மூட்டையின் எடையை மட்டும் பார்த்து அரிசி வாங்குவோமா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘லூமென்’ என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. அதில் எவ்வளவு சாலையில் விழுகிறது என்பதை அது சொல்லாது.

பழைய டைனமோ விளக்கு 6 வோல்ட், 3 வாட். வெளிச்சம் குறைவு; சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஹேண்டில்பாரில் மாட்டும் டார்ச் லைட்டுகளே. அவற்றின் ஒளி வட்டமாகப் பரவும். மேல் பாதி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண் கூசிய டிரைவருக்குச் சைக்கிளும் தெரியாது, ஓரமாக நடந்து போகிறவரும் தெரியாது. சாரலில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே போகும் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். வெள்ளைத் திரை போட்டது போலாகி, பள்ளம் மறைந்துவிடும்.

எனவே, ஒளி மேலே ஒரு கோடு போட்டதுபோல வெட்டுப்பட்டு, கீழே அகலமாக விழும் விளக்கே நல்லது. எதிரே வருபவர் கண் கூசாதபடி சைக்கிள் விளக்கு இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டமே உண்டு. அத்தகைய விளக்கு கிடைக்காவிட்டால், டார்ச்சின் மேல்புறம் தொப்பி முனை போல ஒரு சிறு மறைப்பு வைக்கலாம். மோட்டார் வண்டிகளின் முன்விளக்கில் கறுப்புப் பொட்டு வைத்ததும் கண் கூச்சத்தைக் குறைக்கத்தான்.

விளக்கைச் சரியாகச் சாய்த்து மாட்டுவதும் முக்கியம். விளக்கு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கடை ஷட்டருக்கு 15 அடி முன்னால் சைக்கிளை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி ஷட்டரில் 2 அடி உயரத்தில் விழட்டும். அப்படியானால் சாலையில் அது 45 அடி தூரத்தில் விழும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இது சுமார் 3 விநாடி அவகாசம். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதால் இந்த அவகாசம் தேவை.

முன்விளக்கு மினுக்காமல் நின்று எரியட்டும். பின்னால் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும். சேறு படிந்த கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டும்.

தராசைச் சரிபார்த்துக் கடை திறக்கும் நாம், ஊழியரை இரவில் வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் சைக்கிள் விளக்கையும் ஒருமுறை சரிபார்ப்போம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.