சனிக்கிழமை மாலை ஆறு மணி

மாலை ஆறு மணி. வேலை முடிந்துவிட்டது. மேஸ்திரி வாரக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டார். உடம்பெல்லாம் வலி. வயிறு காலி. கூட வேலை செய்பவர், "வா, ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போகலாம்" என்று கூப்பிடுகிறார்.

குடியை விட்டவருக்கு இதுதான் கஷ்டமான நேரம்.

எங்கள் இரவு வகுப்புக்கு ஓர் அண்ணன் வருகிறார். பெங்களூருவில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். பதினைந்து வருடம் குடித்தவர். "குடியை விடுவது எனக்குப் புதிதா? இருபது தடவை விட்டிருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் மனைவி சிரிக்கமாட்டார்.

ஒவ்வொரு தடவையும் எப்போது தவறினார்? ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். பெரும்பாலும் சனிக்கிழமை மாலைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். இது பேய் பிடித்ததல்ல. மதுவுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் தடுமாறுகிறது. இதற்கு மருந்து உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது. நாட்டில் எங்கிருந்தும் 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசி ஆலோசனை கேட்கலாம். நம் அண்ணன் வலிப்பு வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்.

மருந்து கொடுத்து நடுக்கத்தை நிறுத்தினார்கள். ஆனால் சனிக்கிழமை மாலை வாரா வாரம் வருமே!

முதலில் பசியைக் கவனித்தார்கள். வெறும் வயிற்றோடு இருந்தால் குடிக்கும் ஆசை அதிகமாகும். அதனால் அக்கா தினமும் வறுத்த கடலையும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்து அனுப்புகிறார். ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்கிறார். பிறகு வேறு வழியாக வீட்டுக்கு வருகிறார். பத்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டும். ஆனால் அந்த வழியில் பிராந்திக் கடை இல்லை. 'கடைக்குப் பயந்து ஓடுவதா?' என்று நான்கூட நினைத்தேன். நான் நினைத்தது தவறு. ஆசை அலை போல எழும்பும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த அரை மணி நேரம் கடை கண்ணில் படாமல் இருப்பது பெரிய உதவி.

சனிக்கிழமை மட்டும் அக்கா வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறார். இருவரும் நேராக மளிகைக் கடைக்குப் போகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கியதும் கூலியில் பாதி தீர்ந்துவிடும். "பொண்டாட்டி கையில் காசு கொடுக்கிறவன்" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். இப்போது அவர்களில் ஒருவர் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது.

"உடம்பு வலிக்காகத்தான் குடிக்கிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். மது வலியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், அவ்வளவுதான். குடித்தவுடன் தூக்கம் வரும். ஆனால் நடு ராத்திரியில் விழிப்பு வந்துவிடும். சரியான தூக்கம் இல்லாமல் அலுப்பு எப்படித் தீரும்? அண்ணன் இப்போது சுடுதண்ணீரில் குளிக்கிறார். மாலைக்குப் பிறகு டீ குடிப்பதில்லை. குடியை விட்ட முதல் சில வாரங்கள் தூக்கம் சரியாக வரவில்லை. அது அப்படித்தான் இருக்கும். நாள் ஆக ஆகச் சரியாகும்.

போன ஆடி மாதம் உறவினர் ஒருவரின் சாவுக்குப் போனார். அங்கே எல்லோரும் குடித்தார்கள். அவரும் குடித்துவிட்டார். அக்கா கத்தவில்லை. மறுநாள் காலையில் அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தினமும் தேதி போட்டு, எதிரே 'குடிக்கவில்லை' என்று எழுதுவார். சாவுக்குப் போன நாளுக்கு எதிரே 'குடித்தேன்' என்று எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். பிழை இல்லை. அதற்கடுத்த தேதிக்கு எதிரே மறுபடியும் 'குடிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்.