தோலுக்குள் போகும் மை

பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலத்தில் வியாழக்கிழமைகளில் கூட்டம் நெரியும். அந்த வரிசையில் நிற்பவர்களின் கைகளை மட்டும் கவனித்தால் இரண்டு காலம் தெரியும். ஆஸ்டின் டவுனிலிருந்தும் ஈஜிபுராவிலிருந்தும் வரும் பாட்டிகளின் முன்கையில் மங்கிப்போன புள்ளிக்கோலம். பேரப்பிள்ளைகளின் மணிக்கட்டில் சிலுவை, அம்மாவின் பெயர், பிறந்த தேதி. பாட்டிக்குக் குத்தியவர் வீடு தேடி வந்த பச்சைகுத்துகிற பெண். பேரனுக்குக் குத்தியவர் பெரும்பாலும் கடைக்காரர். இப்போது மூன்றாவதாக ஒருவர் வந்திருக்கிறார்: நண்பன்.

மெஷின், ஊசி, மைக்குப்பிகள் எல்லாம் ஒரே பெட்டியில் இணையத்தில் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்கும் காசில்லாதவர்கள் தையல் ஊசியில் நூலைச் சுற்றி, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய டிராயிங் மையில் தோய்த்துக் குத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்.

வீட்டு மை நமக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், குறவர் பெண்கள் பச்சை குத்தும் முறையை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து மெல்லிய துணியில் பூசித் திரியாகச் சுருட்டுவார்கள். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றிப் புதுச் சட்டியால் மூடுவார்கள். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். அப்போதுதான் எரிந்து படிந்த கரியில் கிருமி இருக்க வழியில்லை. ஆபத்து குழைத்த நீரிலும், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போன ஊசியிலும் இருந்தது. நூறு ஆண்டு கழிந்தும் ஆபத்து அதே இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. மூன்றாவதாக நிறமியும் சேர்ந்துகொண்டது.

மை எங்கே போய்த் தங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். தேர்தலில் நம் விரலில் வைக்கும் மையை எடுத்துக்கொள்வோம். 1937இல் மைசூரு மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய அரக்கு, பெயின்ட் ஆலைதான் 1962 தேர்தலிலிருந்து அதைத் தயாரித்துத் தருகிறது. அதிலிருக்கும் வெள்ளி நைட்ரேட், தோலின் உப்போடு சேர்ந்து வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. எத்தனை தேய்த்தாலும் போகாது. ஆனாலும் சில வாரங்களில் தானாக மறைந்துவிடும், ஏனென்றால் அது தங்குவது உதிரப்போகும் மேல்தோலில். டாட்டூ மை அதற்கும் கீழே, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள உள்தோலுக்குப் போகிறது. கிருமிகளை விழுங்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துகள்களை விழுங்கி, செரிக்க முடியாமல் வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தால் அடுத்த செல் வந்து அதே துகளை எடுத்துக்கொள்கிறது என்று பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினார்கள். எல்லாத் துகளும் குத்திய இடத்திலேயே நிற்பதில்லை. நிணநீர்க் கணுக்கள்வரை போய்ச் சேர்ந்திருப்பதை 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு மனிதத் திசுக்களிலேயே கண்டது.

பிள்ளைகள் குத்திக்கொள்ளும் அதே டிராயிங் மையைப் பிளாஸ்டிக்கின் மேல் பூசுகிறவர்களும் நம்மிடையே உண்டு. விமானம், டாங்கி, ரயில் எஞ்சின் ஆகியவற்றின் சிறு மாடல்களை ஒட்டிச் சேர்த்து, அவை பல வருடம் வெயிலிலும் மழையிலும் உழைத்தவை போல அழுக்கும் துருவும் ஏற்றுவார்கள். வெதரிங் என்பது அவர்கள் சொல். விவேக் நகர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய விமான நிலையச் சாலையில் போனால் எச்ஏஎல் அருங்காட்சியகம். 1961இல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானத்தை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். கிட்டத்தட்ட பதினாறு மீட்டர் நீளமுள்ள அது, 72இல் ஒரு பங்கு அளவில் 22 சென்டிமீட்டராகிவிடும்.

அந்த 22 சென்டிமீட்டரில் மை செய்யும் வேலை அழகானது. பெயின்ட் காய்ந்த பிறகு மேலே பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. பிறகு கறுப்பு, பழுப்பு மைகளைத் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கவைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்து, மெல்லிய தூரிகை நுனியால் தகடுகள் சேரும் கோட்டில் தொட்டால் போதும். மை தானாகவே அந்தக் கோட்டுக்குள் ஓடிவிடும். மிஞ்சியதைப் பஞ்சால் துடைக்கலாம். மர மாடலுக்கு இந்தியன் இங்க்கில் சில துளிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கலந்து பூசினால், மரம் பல மழை கண்டதுபோல் சாம்பல் பூக்கும். கறை போகும் திசையில்தான் கண் வேண்டும். பறக்கும்போது கசிந்த எண்ணெய் பின்பக்கமாக இழுபடும். நின்றிருந்தபோது வழிந்த மழைநீர் நேர்கீழாக இறங்கும். இதைப் பார்த்துப் பழகிய கைக்கு ஒரு கிட்டில் வாரக்கணக்காக வேலை இருக்கும். பிழையாகிப்போனால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வரையத் துடிக்கும் கைகளுக்கு நான் மனதாரச் சொல்லக்கூடிய பயிற்சிக்களம் இதுதான்.

ஆனால் மையைத் தண்ணீரில் நீர்க்கவைக்கும் அதே வேலையை டாட்டூக்காரர்களும் செய்கிறார்கள், நிழல் சாயலுக்காக. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 2011இன் இறுதியில் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்ட 19 பேருக்குத் தோலில் ஆறாத பருக்கள் வந்தன. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி. கலைஞரின் சுத்தத்தில் குறை இல்லை. மை தயாரித்தபோதே அதில் கலந்திருந்த காய்ச்சி வடித்த நீரில் கிருமி இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். காய்ச்சி வடித்த நீரே நம்பத் தகாதது என்றால், நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் இருபது லிட்டர் கேன் தண்ணீரையும் என்ன சொல்ல? பிளாஸ்டிக்கில் அந்தக் கிருமிக்கு உணவு இல்லை. உள்தோலில் உண்டு.

இனி நிறமி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அச்சு மைக்கும் பெயின்டுக்கும் பயன்படும் ஒரு நீலமும் ஒரு பச்சையும் மறு வருடம் தடைக்குள் வந்தன. கர்நாடகத்தில் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் 2025 தொடக்கத்தில், பரிசோதித்த மைகளில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, இந்த மைகளுக்குத் தர விதி வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்டார். கேட்டது சரி. ஆனால் கடைக்காரருக்கு உரிமம் என்பதோடு இது நின்றுவிடக் கூடாது. பெட்டியாக வீட்டு வாசலுக்கு வரும் மைக்கும் அந்த விதி பொருந்த வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குத்திக்கொள்ளும் பதினாறு வயதுப் பிள்ளையைக் கடை உரிமம் காப்பாற்றாது.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது உண்டு. திட்டினால் சட்டைக் கைக்குள் மறைப்பார்கள். அதைவிட, ஏற்கெனவே குத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வையுங்கள். ஊசியைப் பகிர்ந்தார்களா என்று கேளுங்கள். பகிர்ந்திருந்தால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் பரிசோதனை தேவை. ஒரு முறை பார்த்தால் போதுமா, எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். டாட்டூ போட்டவர்கள் ஒரு வருடம் ரத்த தானம் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

குத்திய இடத்தில் சிவந்த பருக்கள் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். ரோச்செஸ்டரில் கண்ட கிருமி வகை வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கு அடங்காது. தோல் மருத்துவரிடம் போகும்போது மைக்குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாட்டூ போட்டதை முதலிலேயே சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியாவுக்கான வளர்ப்புப் பரிசோதனையை மருத்துவர் தனியாக எழுதிக் கேட்டால்தான் ஆய்வகம் செய்யும்.