ஓடிக் கண்ட உரோமாபுரி

ஆற அமர நோக்காது மேலெழுந்தவாரியாக ஒன்றைப் பார்த்து வந்தவனை, "ஓடுகிற ஓட்டத்தில் பார்த்தவன்" என்று நம்மவர் இகழ்வதுண்டு. நின்று நோக்குவதே நோக்கு, ஓடி நோக்குவது நோக்கன்று என்பது நம் எண்ணம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஓடியபடியே ஒரு நகரைக் காணவும் கூடும், அவ்வாறு கண்டது உள்ளத்தில் ஆழப் பதியவும் கூடும் என்பதை நாற்பத்தாறாவது வயதிலே, உரோமாபுரியின் வீதிகளில் மூச்சு வாங்க வாங்கக் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் இருபது ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருபவன் நான். ஒருநாள் உரோமப் பேரரசைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்தக் கட்டடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டவா, தூரமா?" என்று வினவினான். அவற்றை எழுப்பிய மன்னர்களின் பெயர்களை நான் அறிவேன், ஆண்டுகளையும் அறிவேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை அறியேன். "அது பரீட்சைக்கு வராது, இரும்" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். அவன் இருந்துவிட்டான். அந்த விடைதான் பல நாட்களாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

பின்னர் ஓர் ஆவணி விடுமுறையில் உரோமாபுரி செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே தொழில் புரியும் என் தமக்கையின் மகன், "மாமா, பஸ்ஸில் இருந்து பார்த்தால் நித்திரைதான் வரும். விடியற்காலையில் ஓடிப் பாருங்கள்" என்று கூறி, என்னைக் கேளாமலே ஓர் ஓட்டச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான்.

ஓட்டச் சுற்றுலா என்பது யாது?

இது மிகப் பழைய வழக்கமன்று. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெருநகரங்கள் சிலவற்றில் தோன்றிப் பரவியது. தேகப்பயிற்சிக்காக நாள்தோறும் ஓடும் பழக்கமுடையவர்கள் வெளியூர் செல்லும்போதும் அப்பழக்கத்தை விட விரும்புவதில்லை. அவர்களோடு நகரின் சரித்திரம் அறிந்த ஒருவர் வழிகாட்டியாக ஓடினால் ஒரே முயற்சியில் இரு பயன் விளையுமன்றோ? இதுவே இதன் அடிப்படை. வழிகாட்டி பொழுது புலரும் வேளையில் குறித்த இடத்துக்கு வருவார். ஐந்தாறு பேரைக் கொண்ட சிறு குழுவை அழைத்துக்கொண்டு மெல்ல ஓடுவார். முக்கியமான இடங்களில் நின்று இரண்டொரு நிமிடம் விளக்கம் சொல்வார். குழுவில் யார் மிக மெதுவாக ஓடுகிறாரோ அவருடைய வேகமே குழுவின் வேகம். ஓடிக்கொண்டே உரையாட முடியவேண்டும். பேச்சு முட்டினால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். எங்கள் குழுவில் வேகத்தை நிர்ணயித்த பெருமை என்னையே சாரும்.

எமக்கு வழிகாட்ட வந்தவர் தொல்லியல் பயின்ற ஓர் இளம் பெண்மணி. என் சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "கற்கள் வழுக்கும், கவனம்" என்றார். உரோமாபுரியின் பழைய தெருக்களிலே எரிமலைக் கருங்கல்லைச் சிறு சிறு கட்டிகளாகச் செதுக்கிப் பதித்திருக்கின்றனர். பனி படிந்த காலைப்பொழுதில் அவற்றின்மீது ஓடுவதற்கு நிதானம் வேண்டும். தாகத்துக்குப் பஞ்சமில்லை. 1874ஆம் ஆண்டு முதல் தெருவோரங்களில் நிறுவப்பட்டு வந்த இரும்புத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. வளைந்த குழாயின் தோற்றத்தால் அவற்றை 'மூக்கர்' எனப் பொருள்படும் பெயரால் நகர மக்கள் அழைக்கின்றனர்.

தேரோடிய திடலில்

சேர்க்கஸ் மாக்சிமஸ் என்னும் பெருந்திடலில் எமது ஓட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 600 மீற்றர் நீளமுள்ள இத்திடலிலே முற்காலத்தில் தேரோட்டப் போட்டிகள் நடைபெற்றன. ஒரு போட்டிக்கு ஏழு சுற்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து கண்டு களித்தனர் என்பர். இன்றோ அங்கே பளிங்குப் படிகளும் இல்லை, தேர்களும் இல்லை. புல்முளைத்த ஒரு நீண்ட பள்ளந்தான் எஞ்சியிருக்கிறது. பஸ்ஸில் சென்றிருந்தால், "வெறும் புல்வெளி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அதனை ஒருமுறை சுற்றி ஓடி வந்தபின்போ, ஏழு சுற்று என்ற எண் என் முழங்காலுக்கு விளங்கிவிட்டது! பாடப்புத்தகத்திலே ஒரு வரியாகக் கிடந்த செய்திக்கு அன்றுதான் அளவும் பாரமும் உண்டாயின.

திடலின் கிழக்கு அந்தத்தை அடுத்து ஒரு நாற்சந்தி உண்டு. அங்கே வழிகாட்டி எம்மை நிறுத்தி, வெறுமையான ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். "இங்கு இல்லாத ஒன்றைப் பாருங்கள்" என்றார்.

வெறுங்காலுடன் ஓடிய வீரன்

முசோலினியின் படைகள் 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்தன. வெற்றியின் அடையாளமாக, அந்நாட்டின் பழம்பெரும் நகராகிய அக்சுமிலிருந்து 24 மீற்றர் உயரமுள்ள கற்றூண் ஒன்றை 1937இல் உரோமாபுரிக்குக் கொண்டுவந்து இந்த இடத்தில் நாட்டினர். நிறை ஏறக்குறைய 160 தொன். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய அத்தூண், தன்னைப் படைத்த மக்களின் தோல்விக்குச் சாட்சியாக அயல்நாட்டில் நின்றது.

1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா இதே நகரில் நடைபெற்றது. செப்டெம்பர் 10ஆம் நாள் மாலை மரதன் ஓட்டம் தொடங்கிற்று. எத்தியோப்பிய மன்னரின் மெய்காவற் படையைச் சேர்ந்த அபெபே பிக்கிலா என்ற வீரர் காலில் சப்பாத்து இன்றி ஓடினார். இருள் சூழ்ந்தபின் பழைய அப்பியன் பெருவழியில் படைவீரர் தீப்பந்தங்களை ஏந்தி நின்றனர். மொரோக்கோ நாட்டு வீரர் ஒருவர் மாத்திரமே பிக்கிலாவுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தார். அக்சும் தூண் நின்ற இந்த இடத்தை அணுகியதும் பிக்கிலா வேகத்தைக் கூட்டி முன்னேறினார் என்று விளையாட்டு வரலாறு எழுதியோர் கூறுவர். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில், கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவின் கீழே ஓட்டத்தை முடித்தார். அதற்கு முன் எவரும் மரதன் தூரத்தை அத்துணை விரைவில் ஓடியதில்லை.

அத்தூண் 2005இல் மூன்று துண்டுகளாக விமானமேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது; 2008இல் அக்சுமில் மீண்டும் நாட்டப்பட்டது. தூண் நின்ற இடத்திலிருந்து கொன்ஸ்தந்தைன் வளைவு வரை நாமும் ஓடினோம். உடன் வந்தோர் ஒருவரும் பேசவில்லை. வளைவை அடைந்து மூச்சு வாங்கியபோது, பிக்கிலா வேகத்தைக் கூட்டியது எவ்வளவு தூரத்துக்கு முன்னால் என்பது எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

மிளகு மணந்த வீதி

வளைவுக்கு அருகே கொலோசியம். வெஸ்பாசியன் தொடங்கி, மைந்தன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்த அரங்கு. அதனைக் கடந்தால் 1932இல் முசோலினி திறந்த அகன்ற பெருந்தெரு. படையணிகள் செல்வதற்காகக் குடியிருப்புகளை இடித்து, பழைய மன்றங்களின் மேலேயே அதனை அமைத்தனர். அவ்வேளையில் ஒரு மோட்டார் வண்டியும் இல்லை. இடப்புறத்தில் மாக்சென்ரியஸ் மண்டபத்தின் மூன்று பெருங்கமான்கள் காலைச் செவ்வொளியில் எழுந்து நின்றன.

"அந்த மண்டபம் எழுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது தெரியுமா? மிளகுக் களஞ்சியம்!" என்றார் வழிகாட்டி. டொமிசியன் சக்கரவர்த்தி காலத்திலே கீழைநாட்டு மிளகையும் வாசனைத் திரவியங்களையும் சேமிப்பதற்காக அது கட்டப்பட்டது. மிளகு எங்கிருந்து வந்தது? சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து! யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த கதையை நாம் தமிழ் வகுப்பிலே படிக்கிறோம். உரோமப் பேரரசை வரலாற்று வகுப்பிலே படிக்கிறோம். இரண்டும் ஒரே மூடையின் இரு முனைகள் என்பதை இரு வகுப்பிலும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குளோடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், தப்ரபேன் எனப்பட்ட நம் இலங்கையிலிருந்து தூதுவர் உரோமாபுரிக்கு வந்ததாகப் பிளினி எழுதி வைத்துள்ளார். அவர்கள் இந்த மன்றங்களைக் கண்டிருப்பர். கொலோசியத்தைக் கண்டிரார், அப்போது அது கட்டப்படவில்லை. இதனை நான் வழிகாட்டிக்குச் சொன்னபோது, ஓடுவதை நிறுத்திவிட்டு, "இனி வருபவர்களுக்கும் சொல்வேன்" என்றார். அன்று காலை எனக்கு மூச்சு விடக் கிடைத்த மிக நல்ல வாய்ப்பு அதுவேயாகும்.

ஓட்டத்தின் இழிவும் உயர்வும்

கப்பித்தோல் குன்றின் படிகளில் ஏறி இறங்கியபின் கோர்சோ என்னும் நேர்த்தெருவை அடைந்தோம். 'ஓட்டம்' என்பதே அப்பெயரின் பொருள். 1466இல் பாப்பரசர் இரண்டாம் பவுல், திருவிழாக்காலப் பந்தயங்களை இத்தெருவில் நடத்தச் செய்தார். ஆளேறாத குதிரைகள் தெரு நீளத்துக்கும் வெருண்டோடின. குதிரைகள் மட்டுமா? யூத மக்களையும் கட்டாயப்படுத்தி ஓடவிட்டு, இரு மருங்கிலும் நின்றோர் எள்ளி நகைத்தனர். அக்கொடுமை 1668இல்தான் ஒழிந்தது. இன்று அழகிய கடைகள் நிறைந்த அத்தெருவிலே அக்கதையைக் கேட்டபோது என் கால்கள் தாமாகவே தளர்ந்தன.

திரெவி நீரூற்றைச் சன சந்தடியின்றிக் கண்டோம். 1762இல் முற்றுப்பெற்ற அந்நீரூற்றுக்கு நீர் தருவது, கி.மு. 19இல் அக்ரிப்பா அமைத்த கால்வாயின் வழியே. அடுத்தது பாந்தியன் கோயில். அதன் குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து உச்சிவரை உள்ள உயரமும் ஒன்றே. 43 மீற்றருக்குச் சற்று அதிகம். கதவு திறக்கும் நேரமாகவில்லை. ஓட்டச் சுற்றுலாவின் குறை இதுதான். உள்ளே செல்ல இயலாது. சித்திரங்களையும் சிற்பங்களையும் நிதானமாக இரசிக்க இயலாது. ஒரு நூலின் பொருளடக்கத்தைப் படித்தது போன்றதே இது. ஆயினும் பொருளடக்கம் அறிந்தவனுக்கு எந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும் என்பது தெரியும். அன்று பிற்பகல் நான் மீண்டும் நடந்து சென்று பாந்தியன் கோயிலினுள்ளே ஒரு மணி நேரம் இருந்தேன். வழி கேட்கவில்லை.

கடைசியாக நவோனாச் சதுக்கம். அது சதுக்கமன்று, நீண்டு ஒருபுறம் வளைந்த வடிவினது. டொமிசியன், கிரேக்க முறைப்படி மனிதர் ஓடும் பந்தயங்களுக்காக அமைத்த அரங்கின் வடிவமே அது. பார்வையாளர் அமர்ந்த படிகளின் மேல் பிற்காலத்தார் வீடுகளைக் கட்டினர். ஓடுகளம் மட்டும் வெளியாகவே நின்றுவிட்டது. ஓட்டக்காரர் ஓடிய அதே களத்தில் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் நானும் ஓடினேன் என்றெண்ணியபோது, களைப்பினூடே ஒரு பெருமிதம் எழுந்தது.

ஒரு கேள்வி

தைபர் ஆற்றின் மேல், ஹாட்ரியன் கட்டிய பாலத்தில் எமது ஓட்டம் நிறைவெய்திற்று. மொத்தம் ஏறக்குறைய 6 கிலோமீற்றர். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எல்லாம் கிட்டத்தான்! ஓர் உலகப் பேரரசின் நெஞ்சம், காலை உணவுக்கு முன் ஓடி முடிக்கக் கூடிய தூரத்துக்குள் அடங்கியிருந்தது.

விடைபெறும்போது வழிகாட்டி கேட்டார்: "நான் உங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் எந்த வழியால் என்னை ஓட அழைத்துச் செல்வீர்கள்?"

எனக்கு நா எழவில்லை. இருபது ஆண்டுகளில் ஒருமுறையேனும் என் மாணாக்கரைக் கோட்டையிலிருந்து நல்லூர் வரை கால்நடையாக நான் அழைத்துச் சென்றதில்லை. ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரந்தான்!

ஊர் திரும்பிய பின்னர், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பதினொரு மாணவர்களோடு கோட்டை வாயிலில் நின்றேன். கேள்வி கேட்ட அந்த மாணவனும் வந்திருந்தான். போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திய கோட்டை அது. அங்கிருந்து 1981இல் எரியுண்டு மீண்டும் எழுந்த நூலகம், 1875இல் வேல்ஸ் இளவரசர் வருகையின் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம், பின்னர் நல்லூர், மந்திரிமனை, யமுனா ஏரி என்று வழியை வகுத்திருந்தேன். புறப்படுமுன், நல்லூர்ப் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததையும், அதன் கற்கள் இக்கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டன என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதையும் கூறினேன்.

சிறிது தூரம் ஓடியதும் அம்மாணவன் என்னருகே வந்து, "சேர், கல்லுகள் வந்த வழியாலேயா நாங்கள் திரும்பிப் போகிறோம்?" என்று கேட்டான்.

இம்முறை நான் அவனை இருத்தவில்லை. "ஓம் தம்பி" என்று சொல்லி, அவனுடன் தொடர்ந்து ஓடினேன்.