கொட்டகையில் நிற்கும் பழைய மோரிஸ் மைனர்



பேராக் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மோரிஸ் மைனர் காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராணியார் வீட்டு வாசலில் நின்ற அந்த வட்ட முதுகுக் காரைத் தொட்டுப் பார்த்து ஏச்சு வாங்கிய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் தொடங்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன் கார் கண்காட்சியில் இந்த வண்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால்தான் இதன் உதிரிப் பாகங்களை இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடிகிறது. இளைஞர்கள் படங்களில் பார்க்கும் அமெரிக்க முஸ்டாங் போன்ற முரட்டுக் கார்களுக்கு வேகமும் விலையும் அதிகமே தவிர, நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் அவற்றுக்கும் வரும் நோய்கள் ஏறக்குறைய இவைதாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களை விட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, சில கார்கள் தகரக் கொட்டகைகளிலேயே நின்றுவிட்டன. அப்படி முப்பது ஆண்டு நின்ற வண்டியை என்ன செய்வது? பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்பார் மூத்தவர். புதிதுபோல் ஆக்கி ஊர்வலம் விடலாம் என்பார் இளையவர். நாங்கள் அறிந்த ஒரு வீட்டில் இந்தப் பேச்சு, கல்லூரிக்குப் போக வேண்டிய பேத்தியின் கட்டணப் பணம் வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே இதை விளையாட்டுச் செய்தியாக எண்ண வேண்டாம்.

முதலில் தேட வேண்டியது ஸ்பேனரை அல்ல, கிராண்டை. பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்டுவிடுங்கள். சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராண்ட் காலமான தாத்தாவின் பெயரில் இருந்தால், வாரிசுகள் யாவரும் சம்மதித்துச் சட்டப்படி பெயர் மாற்ற வேண்டும். அண்ணன் பணம் போட்டு, தம்பி பிறகு பங்கு கேட்டுப் பிளவுபட்ட குடும்பங்கள் உண்டு. சாலை வரி பல்லாண்டு கட்டாத வண்டியைப் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அடுத்து, துரு. லாரிக்கு அடியில் கனத்த இரும்புச் சட்டம் இருக்கிறது. மோரிஸ் மைனருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகரத்தை மடித்துப் பெட்டிபோல் ஒட்டவைத்த உடலே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஆதலால் மட்கார்டில் ஓட்டை இருந்தால் அது அழகுக்குத்தான் குறை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியோ, பின் வில்லைத் தாங்கும் இடமோ, முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் பாகமோ அரித்துப் போயிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. இந்த இடங்களைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல இரும்பு உள்ளே போகாது. பெயிண்டுக்கு அடியில் புட்டியைப் பூசி மறைத்திருந்தால், காந்தம் அங்கே ஒட்டாமல் காட்டிக்கொடுக்கும். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவு மூட முடியாமல் இறுகினால், உடல் வளைகிறது என்று பொருள். நம் ஊர் மழையும் ஈர மண்தரையும் முப்பது ஆண்டில் என்ன செய்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, ரப்பர். பால் வெட்டிப் பிழைத்த நமக்கு இது சொந்த விஷயம். மரத்தில் வடிந்த பாலைக் கட்டியாக்கிப் புகையில் உலர்த்திய பிறகு, ஆலையில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றித்தான் உறுதியாக்குகிறார்கள். அப்படிச் செய்தாலும் காற்றும் வெயிலும் அதை மெல்ல மெல்லக் கடினமாக்கி வெடிக்கச் செய்யும். எனவே டயரில் கட்டை நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பிரேக் குழாய்கள், சக்கர சிலிண்டரின் உள்ளே இருக்கும் வாஷர்கள், தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உட்புறத்தை அரித்திருக்கும். இந்தக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே வழியில். எங்கேனும் ஓர் இடத்தில் கசிந்தால் கால் பிரேக் முழுதும் போய்விடும். இன்னொன்று: பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதுவதோ காற்றடிப்பதோ கூடவே கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

இஞ்சின்தான் எல்லாரையும் அவசரப்படுத்துகிறது. புதுப் பேட்டரி வாங்கி வந்து சாவியைத் திருப்புவார்கள். சிலிண்டருக்குள் துருப் பிடித்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் ஒடிந்துபோகும். அதைவிட, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுங்கள். பிறகு அந்தக் காலத்துக் கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிப் பயம் போயிற்று. பழைய பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். எலி கடித்த வயர்களை மாற்றுங்கள். பேட்டரியின் கூட்டல் முனைதான் இந்த வண்டியில் உடலோடு இணையும். இக்காலக் கார்களுக்கு நேர்மாறு. பெட்ரோலில் இப்போது ஈயம் கலப்பதில்லை. ஆகவே சிலிண்டர் தலையைக் கழற்ற நேர்ந்தால், அப்போதே கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது நல்லது.

இனித்தான் முடிவு எடுக்க வேண்டும். பத்து காஜாவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய மிதவைக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டிய அது, 1982இல் வேலையை நிறுத்திற்று. இன்று அது தோண்டுவதில்லை. மக்கள் ஏறிப் பார்க்கிறார்கள். அதுபோல வண்டியை ஓட்டாமல், துரு பரவாதபடி காத்துவைப்பது ஒரு வழி. பெயிண்டை அப்படியே விட்டு, பிரேக், டயர், வயர், இஞ்சின் இவற்றை மட்டும் சீராக்கி ஓட்டுவது இரண்டாம் வழி. முழுவதும் கழற்றிப் புதிதாக்குவது மூன்றாம் வழி. இந்த மூன்றாம் வழியில் இறங்கிய பலர் பாதியில் பணமின்றி நிற்கிறார்கள். கழற்றிய பாகங்கள் மீ கோரெங் பெட்டிகளில் கலந்து கிடக்கின்றன. அடிப்பகுதி உறுதியாக இருக்கும் வண்டிக்கு எங்கள் எண்ணம் இரண்டாம் வழியே. தாத்தா கைப்பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங்கை எந்தப் பட்டறையும் திரும்பச் செய்து தராது. அடிப்பகுதி அரித்துப்போயிருந்தால், ஒட்டுவேலைக்கு மட்டும் எவ்வளவு வெள்ளி ஆகும் என்று இரண்டு பட்டறைகளில் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையைப் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்து வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஓட்டுவது என்று முடிவானால் வேலையின் வரிசை இதுதான்: முதலில் ஒட்டுவேலை, பிறகு பிரேக், அடுத்து முன் சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுகள், அதன் பின் இஞ்சின். அந்த மூட்டுகள் தேய்ந்தால் முன் சக்கரமே மடிந்து விழும். கிரீஸ் போட்டால் மட்டும் போதாது, தேய்ந்ததை மாற்ற வேண்டும். பெயிண்ட் கடைசியில்தான், அதுவும் பணம் மிஞ்சினால்.