மருமகளின் பரீட்சையும் என் கணக்கு நோட்டும்

2024-ஆம் வருஷம் ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய் வந்து, சித்ரான்னங்களைப் பாத்திரம் மாற்றிக் கொண்டிருந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். தேங்காய்ச் சாதத்தைக் கிளறுகிற மாதிரி கிளறிவிட்டு, மெதுவாக, "அத்தை, நான் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதட்டுமா?" என்றாள்.

அவளுக்கு அப்போது வயது 28. இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. நான் உடனே "ஓ!" என்று சொல்லிவிடவில்லை. மனசுக்குள் முதலில் ஓடியது, 'குழந்தையை யார் பார்த்துக் கொள்வது?' என்பதுதான். வேறு யார், நான்தான்!

டெல்லிக்குப் போய்ப் படித்தால்தான் தேற முடியும் என்று அவளுடைய சிநேகிதி சொல்லியிருந்தாள். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஜூலை 27-ஆம் தேதி, டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் தரைக்குக் கீழே இருந்த நூலகத்தில் மழைத் தண்ணீர் புகுந்து மூன்று பேர் இறந்து போனார்கள். டி.வி.யில் அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "டெல்லி பேச்சே வேண்டாம்" என்றுவிட்டார். கைக்குழந்தைக்காரிக்கு அது எப்படியும் நடக்கிற காரியம் இல்லை.

அதனால் எங்கள் ஊரிலேயே கிளை வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். கட்டணம் 1,20,000 ரூபாய் என்றார்கள். பில் போடும்போதுதான் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று தெரிந்தது. மொத்தம் 1,41,600! முதல் தவணை 60,000. அவளுடைய இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. வரவேற்பறை சுவர் முழுக்க வெற்றி பெற்றவர்களின் படங்கள். அதைப் பார்த்து நானே மயங்கிப் போனேன் என்பதை ஒளிப்பானேன்?

ஒரு மாசம் கழித்து சமையலறை அலமாரியில் பழைய பேப்பர் விரித்துக் கொண்டிருந்தேன். ஒரு தட்டில் விரித்த பேப்பரில் அந்த மையத்தின் விளம்பரம். அதில் சிரித்துக் கொண்டிருந்த பெண், அடுத்த தட்டுப் பேப்பரில் வேறொரு மையத்தின் விளம்பரத்திலும் அதே புடவையில் சிரித்துக் கொண்டிருந்தாள்! ஒரே பெண் இரண்டு இடத்தில் எப்படி ஒரு வருஷம் படித்திருக்க முடியும்? விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. எழுத்துத் தேர்வில் தானாகவே தேறியவர்களை, நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு நாள் இலவச ஒத்திகைக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நாள் போதும், படம் சுவருக்கு வந்துவிடும்.

இதற்கு இப்போது கட்டுப்பாடு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. தேறியவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெயரையோ படத்தையோ போடக் கூடாது. அவர் எந்த வகுப்பில், எத்தனை நாள் படித்தார், பணம் கட்டினாரா என்பதையும் போட வேண்டும். விளம்பரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டாவது தேடுங்கள்.

வகுப்பும் சரியில்லை. ஒரே கூடத்தில் நூற்றைம்பது பேருக்கு மேல். தலைமை இடத்தில் எப்போதோ எடுத்த பாடத்தைத் திரையில் ஓட்டினார்கள். சந்தேகம் கேட்க ஆள் இல்லை. ஆறு வாரத்தில் அவளே, "போதும் அத்தை" என்று நின்றுவிட்டாள். பணம் திரும்பத் தர மாட்டோம் என்றார்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. அதைக் காட்டிக் கடிதம் கொடுத்தோம். அசையவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு 38,000 வந்தது. ஒரு வளையல் மீண்டது. இன்னொன்று மீள ஐந்து மாசமாயிற்று.

பணம் கட்டுவதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே படித்துத் தேறாத நாலு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். தேறினவர்கள் எந்த இடத்தையும் புகழ்வார்கள். தேறாதவர்கள்தான், 'வாத்தியார் பாதியில் போய்விட்டார், விடைத்தாள் திரும்பவே வரவில்லை' என்று உள்ளதைச் சொல்வார்கள்.

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் சென்னையில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2023 முதல், தனியாக ஒரு தேர்வு வைத்து 1,000 பேரைப் பொறுக்கி, மாசம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாசம் கொடுக்கிறார்கள். விண்ணப்பிக்கிற கெடுவை மட்டும் தவற விட்டுவிடக் கூடாது. நாங்கள் தவற விட்டோம். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஆனால் முதல்நிலைத் தேர்வில் ஒரு தாள் எழுதினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். பொதுப் பிரிவினருக்கு மொத்தமே ஆறு வாய்ப்பு, 32 வயது வரை. ஆகவே 'சும்மா பழக்கத்துக்கு' என்று அசல் பரீட்சைக்குப் போய் உட்காரக் கூடாது. பழக்கம் வீட்டில்.

அதற்குத்தான் மாதிரித் தேர்வுகள். பாடம் புத்தகத்தில் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். முந்தின வருஷங்களின் வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. முதலில் அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பை வாங்கினால் போதும். மூன்று இடத்தில் வாங்கி எதையும் முடிக்காமல் அடுக்கி வைப்பது, கண்காட்சியில் பாத்திரம் வாங்கிப் பரணில் போடுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பரீட்சை நடந்தது. அசல் நேரப்படி, காலை 9.30 முதல் 11.30, மத்தியானம் 2.30 முதல் 4.30. செல்போன் என் இடுப்பில். குழந்தையோடு நான் கோவில், பூங்கா, பக்கத்து வீடு. கறுப்பு மை பேனாவால் விடைத்தாளில் வட்டத்தை நிரப்புவதையும் பழக வேண்டும். அதற்கே பத்து நிமிஷம் போய்விடுகிறது! ஒரு நாள் மழை. வெளியே போக முடியவில்லை. பேத்தி கதவைத் தட்டித் தட்டி அழுதாள். உள்ளே அம்மாவும் அழுதாளாம். ஆனால் எழுந்து வரவில்லை.

முதல் முழுத் தேர்வில் 100 கேள்விக்கு 92 எழுதியிருந்தாள். சந்தோஷமாகத் திருத்தினோம். சரி 45, தப்பு 47. சரிக்கு 2 மார்க், தப்புக்கு 0.66 போகும். 90-இல் 31.02 கழித்தால் 58.98! 2023-இல் பொதுப் பிரிவின் முதல்நிலை எல்லை 75.41. 2024-இல் 87.98. அவள் முகம் சுண்டிப் போயிற்று.

எனக்குச் சரித்திரமும் தெரியாது, பொருளாதாரமும் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிறவள். "அந்த 47-ஐயும் தரம் பிரி" என்றேன். நோட்டில் மூன்று கோடு போட்டோம். ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டது 21. இரண்டு விடைக்கு நடுவே தடுமாறியது 15. தெரிந்திருந்தும், 'சரியல்லாதது எது' என்று கேட்டதைச் 'சரியானது' என்று படித்துக் கெட்டது 11.

குருட்டாம்போக்கில் 24 போட்டு மூன்றுதான் சரி. அந்த 24-ஐ விட்டிருந்தாலே 66.84 வந்திருக்கும். அதோடு கேள்வியை நிதானமாகப் படித்து அந்த 11-ஐயும் பிடித்திருந்தால் 96.1. புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல்! கணக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு விடையைத் தள்ள முடிந்தால் துணிந்து போடலாம், லாபம்தான். ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் நாலு போட்டு ஒன்று சரியானாலும் வரவும் இல்லை, செலவும் இல்லை.

பிரதானத் தேர்வுக்கான தொகுப்பு வாங்குகிறவர்கள், அவர்கள் திருத்திய பழைய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் மார்க்கும் 'நன்று' என்ற ஒரு வார்த்தையும் இருந்தால் அது திருத்தம் இல்லை. எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். தமிழில் எழுதப் போகிறவர்கள், தமிழ் விடையைத் திருத்த ஆள் இருக்கிறாரா என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பிரதானத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் முதல்நிலைக் கேள்விகள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான் வருகின்றன.

2025 மே 25. பரீட்சை முடிந்து வந்தவள், "பொது அறிவில் 74 தான் போட்டேன் அத்தை" என்றாள். எனக்குத் தெம்பாக இருந்தது. வீட்டில் விடைகளைச் சரிபார்த்தபோது அந்தத் தாள் நன்றாகவே தேறியது. கோட்டை விட்டது இரண்டாவது தாளில். கணக்கும் படித்துப் புரிந்து கொள்வதுமான அந்தத் தாளில் 200-க்கு 66 எடுத்தால் போதும். 'தகுதிக்குத்தானே' என்று அலட்சியமாக இருந்துவிட்டாள். நாங்கள் வாங்கிய தொகுப்பில் அதற்கு இரண்டே இரண்டு மாதிரித் தேர்வு. நானும் எண்ணிப் பார்த்து வாங்கவில்லை. சுமார் 60 வந்திருக்கும் என்றாள். ஜூனில் வந்த பட்டியலில் அவள் எண் இல்லை. அந்த வருஷம் வேறு எதையும் அந்தத் தாளை மீறிக் காப்பாற்றவும் முடியாது.

இரண்டு நாள் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி போடப் போனால், சமையலறை மேடையில் என் மளிகை நோட்டைக் காணோம். கூடத்தில் உட்கார்ந்து, அதன் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டுக் கொண்டிருந்தாள். "அத்தை, இனிமேல் செவ்வாய், வெள்ளி கணக்குத் தாள். பாப்பாவை அந்த நாளிலும் கூட்டிக் கொண்டு போக முடியுமா?"

பேத்தி செருப்பை மாட்டிக் கொண்டு வாசலில் ரெடியாக நின்றாள்.