பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன? வீடற்ற இளைஞர்களும் தலைமைப் பயிற்சியும்



காதர்பேட்டையில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கிய பிறகு படிக்கட்டுகளிலும், ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதைகளிலும் படுத்திருப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயதானவர்களோடு பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பனியன் கம்பெனி வேலையை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், தாய் தகப்பன் இல்லாதவர்கள், வீட்டில் அடி தாங்காமல் ரயில் ஏறியவர்கள், ஆதரவு இல்லங்களில் வளர்ந்து வயது முடிந்ததும் வெளியே வந்தவர்கள் எனப் பல வகை. வேலை இருக்கும்வரை கான்ட்ராக்டர் காட்டும் அறையில் படுப்பார்கள். ஆர்டர் குறைந்து வேலை நின்றால் அறையும் போய்விடும்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வீடற்றவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல்.

இவர்களுக்குச் சோறும் போர்வையும் கொடுப்பது பெரும் நன்மை; அது தொடர வேண்டும். ஆனால் சில அமைப்புகள் இத்தகைய பிள்ளைகளுக்குத் 'தலைமைப் பயிற்சி' நடத்துகின்றன என்று சொன்னால், "படுக்க இடம் இல்லாதவனுக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விளக்கம் சொல்லவே இக்கட்டுரை.

தலைமை என்பது இங்கே எதைக் குறிக்கிறது?

மேடை ஏறிப் பேசுவதை மட்டும் நாம் தலைமை என்று நினைத்துக் கொள்கிறோம். தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்கிறார்கள். எங்கே படுப்பது, எப்போது எழுந்து போவது, எவ்வளவு கூலி என்று எதிலும் அவனைக் கேட்பவர் இல்லை. இல்லத்தில் வளர்ந்தவனுக்கும் மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். பதினெட்டு வயதில் திடீரென்று வாடகை, சம்பளம், சேமிப்பு, வைத்தியம் எல்லாம் அவன் தலையில் விழுகிறது. பழக்கம் இல்லாததால் தடுமாறி, பலர் மறுபடி தெருவுக்கே வந்துவிடுகிறார்கள்.

ஆகவே பணத்தை எண்ணி வைத்துக் கணக்கு எழுதுவது, பத்துப் பேர் கூடிய கூட்டத்தில் தன் கருத்தைச் சொல்வது, எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்பது, தன்னைவிடச் சிறியவனை வழிநடத்துவது ஆகியவையே இங்கே தலைமைப் பயிற்சி. இவற்றை வகுப்பில் உட்கார வைத்துப் போதிக்க முடியாது. பொறுப்பைக் கொடுத்துத்தான் பழக்க முடியும்.

டெல்லியிலும் சென்னையிலும் நடந்தவை

டெல்லியில் 1989இல் தொடங்கிய 'பட்டர்ஃபிளைஸ்' என்ற அமைப்பு, 2001இல் தெருப் பிள்ளைகளுக்காகவே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. பெயர் 'சில்ட்ரன்ஸ் டெவலப்மென்ட் கஜானா'. மேலாளரைப் பிள்ளைகளே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். பணம் வாங்குவதும் புத்தகத்தில் ஏற்றுவதும் அவர்கள்தான். அதே நகரில் 2003 முதல் 'பாலக்நாமா' என்ற செய்தித்தாளைத் தெருப் பிள்ளைகளே செய்தி சேகரித்து வெளியிட்டு வருகிறார்கள்.

1988இல் உருவான 'சலாம் பாலக் டிரஸ்ட்' புதுடெல்லி ரயில் நிலையப் பகுதியைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணத்தை நடத்துகிறது. வழிகாட்டிகள் அதே தெருக்களில் வளர்ந்த இளைஞர்கள். புகைப்படக் கலைஞர் விக்கி ராய் இந்த டிரஸ்டில் வளர்ந்தவர். மேற்கு வங்காளத்தின் புருலியாவிலிருந்து சிறு வயதில் ஓடிவந்து, புதுடெல்லி நிலையத்தில் குப்பை பொறுக்கியவர். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது ஒரு புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கேமரா வாங்க டிரஸ்ட் கடன் கொடுத்தது. 2007இல் தெருப் பிள்ளைகளைப் பற்றிய அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. இல்லத்தின் கதவு மூடிய நேரத்தில் ஒரு தொழில், அதைக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள், திருப்பிக் கட்ட வேண்டிய ஒரு கடன் ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்தன.

நம் தமிழ்நாட்டில், சென்னையில் 1995 முதல் 'கருணாலயா' அமைப்பு தெருவோரப் பிள்ளைகளிடையே பணி செய்கிறது. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்த தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தென்னிந்திய அணி வென்றது. ஆண், பெண் கலந்த அந்த அணியில் கருணாலயாவின் பிள்ளைகளும் ஆடினார்கள். அப்போட்டிகளில் ஆட்டத்தோடு பிள்ளைகளின் மன்றமும் கூடும். பிறப்புச் சான்று இல்லை, அடையாள அட்டை இல்லை, பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள் என்று தங்கள் குறைகளை அவர்களே எழுந்து பேசுவார்கள். 2023இல் அதே போட்டி சென்னையிலேயே நடந்தது.

மார்க்கம் காட்டும் வழி

இது நமக்குப் புதிய பாடமல்ல. சிறு வயதில் கடத்தப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்ட ஜைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தார்கள். ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் படைத்தளபதியாக நின்று ஷஹீதானார்கள். அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்களை ஏறத்தாழப் பதினெட்டு வயதில் நபி (ஸல்) அவர்கள் தளபதியாக்கினார்கள். வயதைச் சொல்லிச் சிலர் முணுமுணுத்தபோதும் அம்முடிவை மாற்றவில்லை.

மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கிய ஸுஃப்பாத் தோழர்களுக்கு வீடும் இல்லை, குடும்பமும் இல்லை. அங்கே பசியோடு கிடந்து கற்ற அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் பஹ்ரைனுக்கு ஆளுநராக அனுப்பினார்கள்.

யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் செய்தியும் நாம் அறிந்ததே. அவரிடம் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹமுக்கு ஏலம் விட்டார்கள். ஒன்று வீட்டு உணவுக்கு, மற்றது கோடரிக்கு. தம் கையாலேயே கோடரிக்குக் காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹமோடு வந்தார். உதவி, கருவி, தவணை, திரும்பி வந்து கணக்குச் சொல்லுதல் எல்லாம் அந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன.

எத்தீம்களின் சொத்தை ஒப்படைப்பது பற்றிய சூரத்துந் நிஸாவின் 6ஆம் வசனம், பருவம் வரும்வரை அவர்களைச் சோதித்து, விவரம் அறிந்தவர்கள் எனக் கண்டால் ஒப்படைக்கச் சொல்கிறது. சிறு தொகையைக் கொடுத்து வாங்கி விற்கச் செய்து பார்ப்பதும் அந்தச் சோதனையில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள்.

சட்டம் என்ன தருகிறது?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவர்களுக்கு நிதி உதவி வழங்க இடம் தருகிறது. இதற்குப் 'பிற்காப்பு' என்று பெயர். 21 வயது வரையிலும், விசேஷக் காரணம் இருந்தால் 23 வரையிலும் பெறலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வகுக்கப்பட்டுள்ளது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை தெருவில் இருப்பதைக் கண்டால் 1098க்கு அழையுங்கள். நாமே அழைத்துக்கொண்டு போய் வைத்துக் கொள்ளக் கூடாது.

இல்லத்தில் ஒருபோதும் இல்லாமல் தெருவிலேயே பதினெட்டைக் கடந்தவனுக்குப் பிற்காப்பு கிடையாது. அவனுக்கு உள்ளது நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம் மட்டுமே. இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்ற டிரஸ்டுகளுக்கு வேலை இருக்கிறது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

திருப்பூரில் ஒரு பையன் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் கற்று, டெய்லராகி, சூப்பர்வைசராக முடியும். முப்பது பேர் வேலை செய்யும் லைனை நடத்துவதும் தலைமைதான். கம்பெனி வைத்திருக்கும் சகோதரர்கள் ஓரிரு பிள்ளைகளை மெஷினில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். ஓராண்டு ஹெல்பராகவே விட்டுவிடாதீர்கள்.

வீட்டு உரிமையாளர்களே, "தனி ஆளுக்கு வாடகைக்கு இல்லை" என்று சொல்லும் முன், பொறுப்பேற்க ஆள் இருந்தால் கொடுப்போமா என்று யோசியுங்கள். பொறுப்பேற்க ஜமாஅத்தில் ஒரு பெரியவர் முன்வந்தால் பல பிள்ளைகளுக்குக் கூரை கிடைத்துவிடும். ஆதார், வங்கிக் கணக்கு எடுக்கக் கூடப் போய் நிற்பதும் உதவியே. பெண் பிள்ளைகள் வெளியே தெரிவதில்லை. அவர்கள் விஷயத்தில் தாய்மார்கள்தான் முன்வர வேண்டும்.

நமது ரமலான் கஞ்சி விநியோகத்திலும், நிவாரணப் பணிகளிலும் இப்பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பதோடு விடாமல், பொருள் வாங்கும் பொறுப்பையும் கணக்கையும் அவர்களிடம் கொடுத்துப் பார்ப்போம். கூட இருந்து சரிபார்ப்பது நம் கடமை. பத்து ரூபாய் குறைந்தால் திருடன் என்று சொல்லிவிடாமல், எங்கே விட்டுப்போனது என்று உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

ஸகாத் பற்றிக் கேட்பவர்களுக்கு: தகுதியுள்ள ஏழை முஸ்லிம் இளைஞருக்கு ஸகாத்தை அவர் கையில் உரிமையாக்கிக் கொடுக்கலாம்; தையல் மெஷினாகவும் கொடுக்கலாமா என்பதை உங்கள் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கட்டடம், நிர்வாகச் செலவு போன்றவற்றுக்கு ஸதகாவை வையுங்கள். மாற்று மதப் பிள்ளைகளுக்கும் ஸதகாவிலிருந்து தாராளமாக உதவலாம். தெருவில் படுத்திருப்பவனிடம் மதம் கேட்டு உதவுவது நமது டிரஸ்டின் வழக்கம் இல்லை.

கம்பெனியில் இடம் தரவும், வாடகைக்குப் பொறுப்பேற்கவும் விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பணம் மட்டும் தருபவர்களையும் வரவேற்கிறோம். மாதம் இரண்டு மணி நேரம் தருபவர்கள் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள்.

வல்ல அல்லாஹ் இப்பிள்ளைகளுக்கு நல்ல இருப்பிடத்தையும் ஹலாலான ரிஸ்கையும் கொடுத்து, அவர்கள் வளர்வதற்கு நம்மையும் காரணமாக்குவானாக! ஆமீன்.

செயலாளர்